வலி போன பிறகு யார் கூப்பிடுவது?

கல்லடைப்புக்காகப் பெரியாஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் கல்லைப் பற்றி நிறையச் சொல்வார்கள். உள்ளே வைத்துவிட்டு வந்த குழாயைப் பற்றிச் சொல்பவர் குறைவு. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. நீளம் ஓரடிக்குச் சற்றுக் குறைவு, இரு முனையும் பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். அடைப்பையும் மீறிச் சிறுநீர் இறங்க வழிவிடுவது அதன் வேலை. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுப்பதும் பெரிய வேலையில்லை. மரத்துப்போக ஜெல் விட்டு, நுண்கேமராவைச் செலுத்திச் சில நிமிடங்களில் உருவிவிடலாம். எடுக்காமல் விட்டால் அந்தக் குழாயின் மேலேயே கல் படியும். ஓரிரு ஆண்டு கழித்து வருபவருக்கு இரண்டு மூன்று அறுவை கூடத் தேவைப்படலாம். சிலருக்குச் சிறுநீரகமே பாழாகிவிடுகிறது.

மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டமொன்றில் குலை வெட்டிய பெரியவர் ஒருவரிடம், குறித்த தேதிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "வலிதான் நின்னு போச்சே தம்பி. ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு எதுக்குப் போவணும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குழாய் ஒழுங்காக வேலை செய்ததால்தான் வலி நின்றது. வலி நின்றதால்தான் அவர் போகவில்லை. அவர் கையிலிருந்த மலாய் மொழிக் கார்டில் தேதியும் நேரமும் இருந்தன. உடம்புக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டும் எந்த மொழியிலும் இல்லை.

இது அவர் ஒருவரின் தவறு இல்லை. பல்கலைக்கழகச் சிறுநீரியல் துறை என்றால் சிகிச்சை, ஆய்வு, பயிற்சி என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மறந்துபோன குழாய் விஷயத்தில் இந்த மூன்றும் ஒன்றாகத் தவறுகின்றன. குழாயை வைத்த பயிற்சி மருத்துவர் சில மாதங்களில் வேறு ஊருக்கு மாறிப்போவார். பயிற்சி முறையே அப்படி. ஆகவே நோயாளியை நினைவில் வைத்திருக்க வேண்டியது துறைதான். யாருக்கு, எந்தத் தேதியில் வைத்தோம், எப்போது எடுத்தோம் என்று ஒரு பதிவேடு வைத்திருந்தால் அதுவே சிகிச்சையின் கடைசிப் படி, அதுவே ஆய்வின் முதல் தரவு. பெரிய ஆராய்ச்சிக்கு மானியம் கேட்டு எழுதும் துறைகள் முதலில் இந்தப் பதிவேட்டைக் காட்டட்டும்.

மலாக்காவில் மருத்துவப் புலம் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் இளநிலை மாணவர்கள் இங்கே நோயாளிகளைப் பார்த்துத் தொழில் கற்றார்கள். சிறுநீரியலில் நிபுணராக விரும்புபவர் பெரும்பாலும் தலைநகரத்துப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. டான் ஸ்ரீ டாக்டர் ஹுசேன் அவாங் 1975இல் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவையைச் செய்ததும் கோலாலம்பூர் மருத்துவமனையில்தான். திறமை அங்கே குவிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஆய்வுக்குரிய கேள்விகள் இங்கே குவிந்து கிடக்கின்றன.

1896இல் டான் சே யான் என்ற தோட்ட முதலாளி மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது முதல் இந்த மாநிலத்தில் ரப்பர்த் தோட்ட வேலை நடக்கிறது. பால்வெட்டு காலையிலேயே முடிந்துவிடும். செம்பனையில் வெயில் ஏறிய பிறகும் குலை வெட்ட வேண்டும். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிறார்கள். இத்தாலியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் நடத்திய ஆய்வு 1993இல் வெளியானது. உலைச் சூட்டில் நின்றவர்களில் 8.5 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்க் கல் இருந்தது. சூடில்லாத பகுதியில் வேலை பார்த்தவர்களில் 2.4 விழுக்காட்டினருக்குத்தான். அதே கணக்கை இங்குள்ள மெர்லிமாவிலும் அசகானிலும் எடுக்க ரோபோ அறுவைக் கருவி வேண்டியதில்லை. எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினாலே பாதி விவரம் வந்துவிடும். யூரிக் அமிலக் கல் என்றால் பல வேளைகளில் மருந்திலேயே கரைக்கலாம். நீரிழிவுக்காரர்களுக்கு இந்த வகைக் கல் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4.

2024இல் மருத்துவச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, நிபுணத்துவத்துக்கு எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். ஆனால் பயிற்சி பெறுபவர் எந்த ஊரில் உட்கார்ந்து கற்க வேண்டும் என்ற கேள்வி அதில் பெரிதாக எழவில்லை. இந்தக் கேள்விக்கு வேலூரைப் பார்க்கலாம். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அதே கல்லூரி, தன்னிடம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களைத் தேவையுள்ள சிற்றூர் மிஷன் மருத்துவமனைகளில் ஈராண்டு வேலை செய்யவும் அனுப்புகிறது. உச்சத் தொழில்நுட்பமும் ஊர்ச் சேவையும் ஒரே நிறுவனத்தில் இருக்க முடியும் என்பதற்கு நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் இது.

சிறுநீரியல் பயிற்சி மருத்துவர் ஒருவர் ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளுக்கு மாதம் இரண்டு நாள் வந்தாலே நிறைய மாறும். சிறுநீர் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்ல நம் தாத்தாக்கள் கூச்சப்படுவார்கள், அதுவும் பேத்தி வயதுப் பெண் மருத்துவரிடம். அந்தக் கூச்சத்தை எப்படிக் கடப்பது என்பதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். குழாய் எடுக்கும் தேதிக்கு முன் தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். இன்று தோட்டங்களில் அதிகம் இருப்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களுக்கு அவரவர் மொழியில் போகட்டும்.

மீதமிருப்பது சம்பளப் பிரச்சினை. குடிமக்களுக்கு அரசு நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளிதான் கட்டணம் என்றாலும், போகிற நாளின் கூலி போய்விடுகிறது. 1955 வேலைச் சட்டம் பணி ஆண்டுகளைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு தருகிறது. குத்தகைக்காரரிடம் குலைக் கணக்கில் கூலி வாங்குபவர் நடைமுறையில் அதைக் கேட்பதில்லை. கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம். இதை மருத்துவமனை தீர்க்க முடியாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்தான் கையில் எடுக்க வேண்டும்.