தொட்டுப் பார்த்தீங்களா அங்கிள்?

வீட்டை விட்டு வெளியூர் போவதை நாம் டூர் என்கிறோம். சில அமெரிக்கர்களுக்கு வீட்டை விட்டுப் போகவே மனசு வராது. அதனால் வீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதற்கு ஆர்.வி. என்று பெயர். ரெக்ரியேஷனல் வெஹிகிள். முன்னால் பார்த்தால் வேன். பின்னால் பார்த்தால் மாம்பலத்து ஒண்டுக்குடித்தன போர்ஷன். கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. "ஒன்பது மணிக்கு மேல மோட்டார் போடக்கூடாது" என்று சொல்ல மாடியில் ஹவுஸ் ஓனர் மட்டும் இல்லை.

2023 செப்டம்பரில் எனக்கு அதில் ஏறும் யோகம் அடித்தது. பி.காமில் என் பக்கத்து பெஞ்ச் நண்பன், இப்போது சான் ஹோசேயில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். அக்கவுண்டன்சி பேப்பரை என்னைப் பார்த்து எழுதியவன் அங்கே. எழுதிக் காட்டியவன் இங்கே உங்களிடம் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நியாயம் எங்கே சார் இருக்கிறது?

"மாப்ளே, காட்டுக்குப் போலாமா?" என்றான்.

"ஹோட்டல் புக் பண்ணிட்டியா?"

"ஹோட்டலைத்தான்டா ஓட்டிட்டுப் போறோம்."

வாடகை ஆர்.வி.யில் அவன், அவன் மனைவி, ஏழு வயசுப் பெண், நான். ஒரு நாள் முழுக்க ஓட்டி, பிக் பைன் என்ற சின்ன ஊரைத் தாண்டி மலை ஏறினோம். இன்யோ தேசிய வனம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பூங்கா உள்துறையின் கீழ் வருகிறது. ஏறக்குறைய மியூசியம் மாதிரி. வனமோ விவசாயத் துறையின் கீழ்! 1905-ல் ஆரம்பித்த வனச் சேவை அமைப்பு பார்த்துக் கொள்கிறது. மரம் வெட்ட அனுமதி உண்டு, மாடு மேய்க்க அனுமதி உண்டு, நம்மைப் போன்றவர்கள் கூடாரம் போடவும் அனுமதி உண்டு. மொத்தம் 154 வனங்கள், சுமார் 19.3 கோடி ஏக்கர். ஆறு தமிழ்நாடு அதில் அடங்கும். பல வனங்களில் முகாம் என்று எதுவும் இல்லாத இடத்தில்கூட பதினாலு நாள் வரை சும்மா தங்கலாம். வாடகை கிடையாது, அட்வான்ஸ் பத்து மாசமும் கிடையாது.

நாங்கள் போனது கட்டண முகாம். வாசலில் ஆள் இல்லை. தரையில் நட்ட ஒரு இரும்புக் குழாய், பக்கத்தில் வெற்றுக் கவர்கள். வண்டி நம்பரை எழுதி, பணத்தைப் போட்டு, கவரின் நுனியைக் கிழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழாய்க்குள் தள்ளிவிட வேண்டும். கிழித்த துண்டுதான் ரசீது. அந்தக் குழாய்க்குச் செல்லப் பெயர் 'அயர்ன் ரேஞ்சர்'. கேஷியர் இல்லை, கவுண்ட்டர் இல்லை, ரசீதை நாமே கிழித்துக் கொள்கிறோம். ஆடிட்டிங் பரீட்சையில் இப்படி ஒரு முறையை எழுதியிருந்தால் முட்டை மார்க்.

"வெறும் கவரைத் தள்ளினா யாருக்குடா தெரியும்?" என்று காதோடு கேட்டேன்.

"காலேஜோட அதெல்லாம் விட்டுட்டேன் மாப்ளே" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அந்த முகாமில் கரண்ட் இல்லை. குழாயும் இல்லை. வண்டியில் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர். சுமார் 110 லிட்டர்.

ஆர்.வி.யில் மூன்று டேங்க் உண்டு. ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது, குளித்த, கழுவிய தண்ணீர். மூன்றாவது... சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் யூகித்துக் கொள்ளவும். மூன்றின் அளவையும் சுவரில் குட்டி விளக்குகள் காட்டிக்கொண்டே இருக்கும். முதல் டேங்கில் குறைந்தது இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஏறும். அசல் டபுள் என்ட்ரி!

இதெல்லாம் எனக்குக் குளித்த பிறகுதான் சொன்னார்கள். மலைக் குளிருக்கு வெந்நீர் இதமாக இருந்தது. இரண்டு பாட்டு பாடினேன். மூன்றாவது பல்லவியில் வெந்நீர் தீர்ந்தது. வெளியே வந்தால் சுவரில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது.

"அண்ணா, நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் இதுதான் தண்ணி" என்றாள் நண்பனின் மனைவி, கோபமே இல்லாமல். அதுதான் கஷ்டம். 2019 ஜூனில் சென்னையில் ஏரியெல்லாம் வறண்டபோது, லாரிக்குப் பின்னால் ரெண்டு பிளாஸ்டிக் குடத்தோடு ஓடியவன் நான். காடு வந்ததும் அது மறந்துவிட்டது.

ராத்திரி இரும்பு வளையத்துக்குள் நெருப்பு மூட்டி உட்கார்ந்தோம். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வாலன்டியர் தாத்தா ஒருவர் டார்ச்சோடு வந்தார். ரிட்டயரானவர். அவருக்கும் ஒரு ஆர்.வி.தான் வீடு. நெருப்பை அணைப்பது எப்படி என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்று. குச்சியால் கிளறு. மறுபடி ஊற்று. கடைசியில் புறங்கையைச் சாம்பல் கிட்டே கொண்டுபோ, சூடு இல்லை என்றால் தொட்டுப் பார். தொட முடியாத சூடு இருந்தால், விட்டுவிட்டுப் போகக்கூடாது.

எல்லோரும் படுக்கப் போனார்கள். அணைக்கும் பொறுப்பு எனக்கு. டேங்கைப் பார்த்தேன். இருப்பதோ ஒரு விளக்கு. ஏற்கெனவே பெயர் கெட்டிருக்கிறது. காபி போடும் பாத்திரத்தில் அரைப் பாத்திரம் ஊற்றினேன். புஸ்ஸென்றது. மேலே கறுப்பாகிவிட்டது. போதும் என்று உள்ளே வந்தேன்.

"தொட்டுப் பார்த்தீங்களா அங்கிள்?" போர்வைக்குள்ளிருந்து குரல்.

"ஓ, பார்த்தேனே!"

அப்புறம் எங்கே தூக்கம்? பகலில் நண்பன் ஓட்டிக்கொண்டே சொன்ன கதை ஞாபகம் வந்தது. 2018 ஜூலை 23, வடக்குக் கலிஃபோர்னியா. ஒரு வண்டி இழுத்துப் போன ட்ரெயிலரின் டயர் போய்விட்டது. சக்கரத்தின் இரும்பு விளிம்பு ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. அவ்வளவுதான். சுமார் 2,29,000 ஏக்கர் எரிந்தது. ஆயிரத்துக்கு மேல் வீடுகள் போயின. உயிர்களும் போயின. 'கார் ஃபயர்' என்று அதற்குப் பெயர்.

அது பாவம், தெரியாமல் நடந்தது. நான் செய்தது தெரிந்தே.

ஒரு மணி இருக்கும். வெளியே காற்று கிளம்பும் சத்தம். ஓசைப்படாமல் எழுந்து போனேன். வளையத்துக்குள் இருட்டு. 'பார்த்தாயா, அணைந்துதான் இருக்கிறது' என்றது மனசு. குச்சியால் ஒரு கிளறு கிளறினேன். அடியிலிருந்து சிவப்பாக ஒரு கண் திறந்தது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. காற்று அடித்ததும் ஒரு பொறி என் முழங்கால் உயரத்துக்கு எழுந்து அணைந்தது. சுற்றிலும் காய்ந்த புதர். அதற்கு அப்பால் மரங்கள்.

குடிக்க வைத்திருந்த இரண்டு கேன்களையும் தூக்கி வந்தேன். ஊற்றினேன், கிளறினேன், ஊற்றினேன். சத்தத்தில் நண்பன் எழுந்து வந்துவிட்டான்.

"என்னடா பண்றே?"

"பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலைடா."

அவன் வளையத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து புறங்கையை வைத்தான். பிறகு நான் வைத்தேன். சில்லென்று சேறு. அப்பாடா!

காலையில் காபி இல்லை. குழந்தையிடம் உண்மையைச் சொன்னேன். "இட்ஸ் ஓகே அங்கிள்" என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, அன்று முழுக்க நான் எதைச் சொன்னாலும் அப்பாவிடம் ஒரு தரம் சரிபார்த்துக் கொண்டாள்.

அங்கிருந்து சில மைல் மேலே போனால் பிரிசில்கோன் பைன் மரங்கள். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நிற்கின்றன. அதில் ஒன்றுக்கு வயசு 4,800-க்கு மேல். எந்த மரம் என்று வனத்துறை காட்டுவதில்லை. காட்டினால் நாம் பெயரைச் செதுக்கிவிடுவோமே! நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன்.

திரும்பும் வழியில் டேங்குகளைக் காலி செய்யும் இடம். முதலில் மூன்றாவது டேங்க், அப்புறம்தான் இரண்டாவது. ஹோஸ் பைப்பைக் குளித்த தண்ணீரே அலசிவிடுமாம். நான் கேட்டு வாங்கி அந்த வேலையைச் செய்தேன். பிராயச்சித்தம்!

சென்னைக்கு வந்த பிறகு ஒரு மாற்றம். ராத்திரி படுத்ததும் மனைவி, "சிலிண்டரை மூடினீங்களா?" என்பாள். முன்பெல்லாம் படுத்தபடியே "ம்" என்பேன். இப்போது எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து "மூடியாச்சு" என்கிறேன்.

"காட்டுக்குப் போனாத்தான் திருந்துவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணத்தன்னிக்கே அனுப்பியிருப்பேனே!" என்கிறாள்.