பிரசவ அறை வாசலில் நிற்கும் தாய்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு தாயை அண்மையில் சந்தித்தோம். மகளுக்குத் தலைச்சன் பிரசவம். இடுப்பு வலி கண்டதும் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மகள் உள்ளே போனாள்; கதவு மூடியது. இரவு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்க்கு உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று மகளின் அலறல். இன்னொன்று, 'கத்தாதே' என்ற அதட்டல். "அம்மா அம்மான்னு கூப்புடுறா. நான் பத்தடி தூரத்துல ஒக்காந்திருக்கேன். போவ முடியல" என்றார். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த இரவை அவர் மறக்கவில்லை.

அவர் உள்ளே போயிருக்கலாம். அதற்கு வழி இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2004-லேயே கொண்டுவந்தது. 2016-ல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இதை அனுமதித்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் துணையிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. துணைக்கு வருபவர் பிள்ளை பெற்றவராக, தொற்றுநோய் இல்லாதவராக, சுத்தமான உடை உடுத்தியவராக இருக்க வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. நம் தெருவில் எத்தனையோ அம்மாக்களும் அத்தைகளும் அண்ணிகளும் இதற்குத் தகுதியானவர்கள்தான்.

துணை என்ன செய்துவிடப் போகிறது என்று கேட்கலாம். முதுகைத் தேய்த்துவிடுவது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது, கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது, 'இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று சொல்வது. இவை சின்ன வேலைகள் அல்ல. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து, 2017-ல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடர்ந்து துணை கிடைத்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது. அறுவைச் சிகிச்சை குறைந்தது. வலி நேரமும் குறைந்தது என்று அது சொல்கிறது.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இந்தத் துணைக்கு 'டூலா' என்று பெயர். வசதியுள்ளவர்கள் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்கிறார்கள். டூலா என்பது கிரேக்கச் சொல். அடிமைப் பெண், பணிப்பெண் என்பது அதன் பழைய பொருள். இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதல்ல. சேரிகளில் மருத்துவச்சியாக இருந்த நம் ஆயாக்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். கூலி, முறத்தில் கொஞ்சம் நெல்லும் ஒரு பழம்புடவையும். பிள்ளை பிறக்கும்வரை அவர்கள் கை வேண்டும். பிறந்த பிறகு அந்தக் கையே தீட்டு. புதுச்சேரி அருகே வாழ்ந்த வீரம்மா அப்படி ஒருவர். பறையர் சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி. அவர் சொல்லச் சொல்ல ஜோசியான் ரசீனும் ழான் லுக் ரசீனும் பதிவு செய்த வாழ்க்கைக் கதை 1995-ல் பிரெஞ்சிலும், 1997-ல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. நம் கடற்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரி ஒருவரின் வாழ்க்கையை உலகம் படித்தது. அவரைப் போன்றவர்களின் அனுபவத்தை மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனைப் பிரசவம் நம் பெண்களின் உயிரைக் காத்திருக்கிறது. ரத்தப்போக்கு வந்தால் மருத்துவர் வேண்டும், ரத்தம் வேண்டும். தொப்புள்கொடியை அறுக்கச் செவிலியர் இருக்கட்டும். ஆயாவிடம் இருந்த ஆறுதல் ஏன் உள்ளே வரக் கூடாது என்பதே நம் கேள்வி.

உப்பளப் பகுதியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரைதான் இங்கே வேலை. வெயிலில் உப்புநீரில் நின்று சம்பாதிப்பதை வைத்துத்தான் மழை மாதங்களை ஓட்ட வேண்டும். பிரசவம் சிக்கலானால் திண்டிவனம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று அனுப்புவார்கள். திண்டிவனமே சுமார் 35 கிலோமீட்டர். மகளோடு போகும் தாய் மூன்று நான்கு நாள் கூலியை இழக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. துணைக்குப் போகிறவரின் கூலி இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதி மறுத்துத் திருமணம் செய்து, இரண்டு வீடும் கைவிட்ட பெண்ணுக்குத் துணையாக யார் போவார்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடுத்திய துணியையும் பேச்சையும் சொல்லும் ஊரையும் வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் பிரசவ அறையிலும் இருக்கிறது. பக்கத்தில் சொந்தம் ஒருவர் நின்றால், வாய்க்கு வந்தபடி திட்டுவதற்கு முன் எவரும் யோசிப்பார்கள். துணை என்பது ஆறுதல் மட்டுமல்ல, சாட்சியும்கூட. செவிலியர்களின் வேலைச் சுமையை நாம் அறிவோம். ஒரே அறையில் நான்கு பேருக்குப் பிரசவம் பார்க்கும் இடத்தில் இன்னும் நான்கு பேர் வந்தால் சங்கடம்தான். அதற்குத் தீர்வு தடுப்புத் திரையும் கூடுதல் செவிலியர்களும். கதவை மூடுவது தீர்வாகாது.

1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வழியில் நாம் கேட்பது மூன்று. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே, பிரசவத் துணைக்கு வழியுண்டு என்பதைச் சொல்லுங்கள். பிரசவ அறை வாசலில் தமிழில் எழுதி வையுங்கள். துணைக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு இழந்த நாள்களின் கூலியைக் கொடுங்கள். துணைக்கு ஆளில்லாத பெண்களுக்காக, பயிற்சி பெற்ற பிரசவத் துணைவியரை மாதச் சம்பளத்தில் நியமியுங்கள். அந்த வேலை எல்லாச் சாதிப் பெண்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். நம் பெண்களின் தலையில் மட்டும் கட்டி, ஊக்கத்தொகை என்று சில நூறு ரூபாயைக் கொடுத்தால், அது பழைய முறமும் பழம்புடவையும்தான்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். அதற்கு முன், உங்கள் தெருவில் மாசமாக இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போங்கள். 'உன்கூட உள்ளே யார் வரணும்னு இப்பவே முடிவு பண்ணி வை, அடுத்த செக்கப்புல நர்சம்மாகிட்ட சொல்லிடு' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.