பொருள், பார்வை, இணைப்பு

பாலிசிப் பத்திரங்களின் பொடி எழுத்தைப் பற்றி நான் புலம்பிய கதையெல்லாம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு மனப்பாடம். இந்த வாரம் அந்தப் புலம்பலுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது: என் மச்சினரின் கைப்பேசியில் இருக்கும் ஏஐ.

மச்சினருக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்று லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அவர் படுத்திருந்த அறைக்கு 6,000. இப்படி ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் வாடகையோடு விட மாட்டார்கள். டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் என்று எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மச்சினருக்கும் அப்படியே பாதியாக வெட்டிவிட்டார்கள். பாலிசியையும் செட்டில்மென்ட் கடிதத்தையும் படம்பிடித்துக் கொடுத்ததும் ஏஐ ஒன்றைப் பிடித்தது. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகிய செலவுகளில் இந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. இவருக்கு மருந்துக் கணக்கில் மட்டும் 24,000 ரூபாய் போயிருக்கிறது. பாலிசியிலேயே அந்த வரி இருக்கிறது. பொடி எழுத்தில்தான்.

என் சந்தோஷமெல்லாம் அது எழுதிக்கொடுத்த புகார்க் கடிதத்தைப் பார்க்கும்வரைதான். நான்கு பக்கம். அரசியல் சாசனம் வருகிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வருகின்றன. ஒன்றைத் தேடினேன், அப்படியொரு வழக்கே இல்லை. இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மச்சினர் என்ன சொன்னாலும் 'நீங்கள் சொல்வது சரிதான்' என்று அதையும் கடிதத்தில் ஏற்றியிருக்கிறதே! ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடாதது, கேண்டீன் சாம்பார், எல்லாம் உள்ளே.

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் ஊர்த் தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் இருந்த மனு எழுதுபவர். ரெமிங்டன் மெஷின், கார்பன் தாள், வெற்றிலைப் பெட்டி. வந்தவர் அழுது முடிக்கும்வரை தாளைச் சொருகவே மாட்டார். பிறகு, "இப்ப சொல்லு, ஆபீசர் உனக்கு என்ன செய்யணும்?" பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவருக்கு வேண்டியது பட்டாவில் ஒரு பெயர்த் திருத்தமாக இருக்கும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. 'பொருள்' ஒரே வரி. 'பார்வை' என்று போட்டு முந்தைய கடிதத்தின் எண், தேதி. ரசீது நகல் இல்லாவிட்டால், "போய் எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எழுத்துக்கூலி போனாலும் பரவாயில்லை. கார்பன் நகலில் ஆபீஸ் முத்திரை வாங்காமல் வந்தவர்கள் திட்டு வாங்குவார்கள். அவர் சட்டம் படித்தவர் இல்லை. தலைக்கு மேல் கட்டு கட்டாக ஃபைல் வைத்திருக்கும் குமாஸ்தா எந்த மனுவை முழுதாகப் படிப்பார் என்பதைப் படித்தவர்.

இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போவதற்கும் இந்த ஞானம்தான் வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. பில்லும் தேதியும்தான் அங்கே பேசும்.

ஆகவே மச்சினரிடம், "ஏஐகிட்டயே சொல்லு: ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, பாலிசி வரியை அப்படியே எடுத்துப் போடு, தீர்ப்பு எதுவும் வேண்டாம்" என்றேன். அடக்கமாக எழுதித் தந்துவிட்டது. பொருள்: மருந்துச் செலவில் தவறாகப் பிடித்த 24,000 ரூபாயைத் திரும்பக் கோருதல். இணைப்பு: மூன்று. மச்சினர் படித்துப் பார்த்தார், முகம் தொங்கிவிட்டது.

"அத்தான், லிஃப்ட் விஷயத்தை மட்டுமாவது போடலாமே?"

லிஃப்டுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.