பீங்கானின் விலையும் மதிப்பும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் மதிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் ஏலக்களத்திலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. மலைநாட்டுத் துரைமார் பங்களாக்களில் ஒருகாலத்தில் விருந்து மேசையை அலங்கரித்த நீலவெண் ஆங்கிலப் பீங்கான்கள் இன்று அரும்பொருள்களாக ஏலங் கேட்கப்படுகின்றன. வாங்குவோரை நாம் குறைகூறவில்லை. எதை வாங்குகின்றோம் என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

இப்பீங்கான்களுட் பெரும்பாலானவை கையால் எழுதப்பட்டவை அல்ல. செப்புத் தகட்டிற் செதுக்கிய சித்திரத்தில் நீலமையைத் தடவி, மெல்லிய தாளிற் பதித்து, அதனைச் சுட்ட கலத்தின்மேல் ஒற்றியெடுத்து, மெருகு பூசி மீண்டும் சூளையிலிட்டனர். ஸ்டபோட்சயர் பகுதியைச் சேர்ந்த யோசியா ஸ்போட் என்பார் 1784 அளவில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். சீனக் கலங்களின் சாயல் இதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. பாலமும் வில்லோ மரமும் இரு புறாக்களும் அமைந்த புகழ்பெற்ற சித்திரம் 1790 அளவில் தோன்றியது. காதலர் இருவர் புறாக்களாயினர் என்னும் கதையோ சீனத்துப் பழங்கதையன்று, இங்கிலாந்திற் புனையப்பட்டது. மேலும், பின்புறத்தில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் காணப்படின், அக்கலம் பெரும்பாலும் 1891ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டதேயாம். அவ்வாண்டு முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் அக்குறிப்பை வேண்டி நின்றது. இதனை அறியாதார் பழைமைக்கென மிகை விலை கொடுப்பர்.

புனைகதையை முகத்திலே தாங்கிய அப்பீங்கானுக்கு மெய்க்கதையொன்றும் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் கண்டியைச் சூழ்ந்த மலைகளெல்லாம் பசுமை போர்த்தன. அப்பசுமையை விளைத்தவர் யார்? தமிழகத்திலிருந்து வந்து லயங்களில் வாழ்ந்த எம்மவரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலக்கம் பொறித்த தகரத் துண்டே அவர்தம் பயணச் சீட்டாயிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். துரையின் கோப்பைக்கு ஏலம் உண்டு. தொழிலாளியின் கொழுந்துக் கூடைக்கு ஏலமில்லை. விலையில்லாத பொருளைப் பேணுவார் இன்மையால் அது மண்ணோடு மண்ணாகின்றது.

ஏலத்தின் இயல்பைக் கண்டி நன்கறியும். 1815இல் வீழ்ந்த கண்டி அரசின் அணிகலன்கள் 1820 யூன் மாதத்தில் இலண்டனில் ஏலங் கூறி விற்கப்பட்டன. சிம்மாசனமும் முடியும் 1934இல் மீண்டு வந்து இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளன. தனித்தனியே விலைபோனவற்றை ஒருங்கே காணும் பேறு நமக்கில்லை.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தேயிலையின் வரலாற்றுக்கு ஹந்தானையில் 2001 முதல் ஒரு நூதனசாலை உண்டு. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு காட்சியகமும் உண்டு. நம் கல்லூரியிலும் ஒரு கண்ணாடி அலுமாரி அமைதல் வேண்டும். பங்களாப் பீங்கான் ஒன்றும் தகரத் துண்டு ஒன்றும் அதில் அருகருகே இருக்கட்டும். எப்பொருளையும் விற்குமுன், எந்தத் தோட்டத்தது, எவர் கையால் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அக்குறிப்பு இல்லாத பீங்கான் அழகிய ஓடு மாத்திரமே. அதனுடன் சேர்ந்த பீங்கானோ நம் முன்னோர்க்குச் சான்று பகரும்.