ஏர் ஃப்ரையரில் மொறுமொறு ஜப்பான் சிக்கன்!

ஏர் ஃப்ரையர் வாங்கிய பல வீடுகளில் அது ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸோடு நின்றுவிடுகிறது. ஆசையாக சிக்கன் செய்தால், மேலே திட்டுத் திட்டாக வெள்ளை மாவு, உள்ளே சக்கையாகக் காய்ந்த கறி. 'கடாயில் பொரித்தால்தான் ருசி' என்று மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுகிறோம்.

ஏர் ஃப்ரையருக்கு நன்றாகவே ஒத்துவரும் ஓர் ஆசிய ரெசிப்பி, ஜப்பானியர்களின் 'கராகே'. எலும்பில்லாத கோழித் துண்டுகளை சோயா சாஸ், இஞ்சி, பூண்டில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரிப்பதுதான் கராகே. கியூஷூ தீவின் ஒய்தா மாகாணத்தில் உள்ள நகாட்சு நகரம் இதற்குப் பெயர்போனது. அங்கே கராகே மட்டுமே விற்கும் கடைகள் உண்டு. ஜப்பானில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பயன்படுத்துவார்கள். நம் வீட்டில் கார்ன்ஃப்ளாரே போதும்.

தேவையானவை:

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி - 500 கிராம்
சோயா சாஸ் - 2 டேபிள்ஸ்பூன்
துருவிய இஞ்சி, பூண்டு - தலா 1 டீஸ்பூன்
மிளகுத்தூள், சர்க்கரை - தலா அரை டீஸ்பூன்
கார்ன்ஃப்ளார் - 5 டேபிள்ஸ்பூன்
அரிசி மாவு - 1 டேபிள்ஸ்பூன்
எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சை - 1

செய்முறை:

கறியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக, ஒரே அளவில் நறுக்குங்கள். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள், சர்க்கரை சேர்த்துப் பிசறி, மூடி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

ஊறிய துண்டுகளை எடுத்து, இரண்டு மாவும் கலந்த தட்டில் புரட்டி, அதிகப்படி மாவை உதறிவிட்டு 5 நிமிடம் அப்படியே வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு கறியோடு ஒட்டும். பிறகு பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் எண்ணெய் தடவுங்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்குச் சொதப்புகிறது. கடாயில் மாவு முழுவதும் எண்ணெயில் நனைந்துவிடும். ஏர் ஃப்ரையரோ சூடான காற்றைச் சுழலவிடும் ஒரு குட்டி அவன்தான். எண்ணெய் படாத மாவு கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும்.

ஏர் ஃப்ரையரை 180 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் சூடாக்கி, துண்டுகளை ஒன்றையொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வையுங்கள். 8 நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு, 200 டிகிரியில் மேலும் 4 அல்லது 5 நிமிடம் வையுங்கள். மெஷினுக்கு மெஷின் நேரம் கொஞ்சம் மாறும். கூடை சிறியதென்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். குவித்துப் போட்டால் ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். சூட்டோடு எலுமிச்சை பிழிந்து பரிமாறுங்கள்.

நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் உலர்ந்துவிடும். அதுதான் இருக்கிறது என்றால் 2 நிமிடம் முன்னதாகவே எடுத்துப் பாருங்கள்.

இவற்றைக் கவனியுங்கள்:

* மேல்பக்கம் சிவந்துவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அதற்கு உணவு தெர்மாமீட்டர்தான் நல்லது. இல்லையென்றால் இருப்பதிலேயே பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடியும் உள்ளே வையுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும்போது இதில் அலட்சியம் கூடாது.

* பச்சைக் கறியைக் குழாயடியில் வேகமாக அலசினால், கிருமிகள் தெறித்து சிங்க், பாத்திரம் எல்லாம் பரவும். கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள். ஊறவைத்த மசாலா மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள்.

* எண்ணெய் குறைவுதான்; உப்பு குறைவல்ல. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2 டேபிள்ஸ்பூன் சோயா சாஸிலேயே ஏறக்குறைய அந்த அளவு உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், சாஸைப் பாதியாகக் குறைத்து, இஞ்சியையும் மிளகையும் கூட்டுங்கள்.

மிச்சமானால் மறுநாள் 180 டிகிரியில் 4 நிமிடம், உள்ளே நன்றாகச் சூடேறும்வரை வையுங்கள். மொறுமொறுப்பு திரும்ப வந்துவிடும். மிச்சமாகுமா என்பதுதான் சந்தேகம்!