முடிவு யாருடைய சொத்து?

1935-இல் அமெரிக்காவின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலுக்கென்றே வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகை, தொழிலாளரின் நுரையீரலை இறுக்கும் தூசு நோயைப் பற்றி எழுதலாமா என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டது. ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் நிறுவனத் தலைவர் சம்னர் சிம்ப்சன், எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்ற பொருளில் ஜான்ஸ்-மான்வில் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். அது வெளியே தெரிய நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மறு ஆண்டே இந்த நிறுவனங்கள் நியூயார்க் மாநிலத்துச் சாரனாக் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தன. முடிவுகள் பணம் தந்தவர்களின் சொத்து, அவர்கள் சம்மதித்தால்தான் அச்சேறும் என்பது நிபந்தனை. 1943-இல் ஆய்வக இயக்குநர் லெராய் கார்ட்னர், கல்நார்த் தூசைச் சுவாசித்த சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலில் கட்டி இருந்ததைப் பதிவு செய்தார். 1946-இல் அவர் இறந்தார். 1951-இல் வெளிவந்த அறிக்கையில் கட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே ஒரு எலிச் சோதனையை வைத்து ஆலையை மூடச் சொன்னால் முதலில் வேலை இழப்பவர் தொழிலாளிதான். மேலும் சோதனை தேவை என்றே கார்ட்னரும் கருதினார். அப்படியானால் அந்த ஐயத்தையும் சேர்த்தே அச்சிட்டிருக்கலாமே! அதே சமயம், நிறுவனப் பணமே ஆகாது என்போருடனும் உடன்பட முடியவில்லை. ஏனென்றால் ஆலைக்குள் தூசு எவ்வளவு என்ற கணக்கு நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

கதவைத் திறந்தது ஒரு தொழிற்சங்கம். கல்நாரை வைத்து வெப்பக்காப்பு வேலை செய்வோரின் உறுப்பினர் பதிவேடுகளைக் கொண்டு, அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர் இர்விங் செலிகாஃப் 1964-இல் காட்டினார். வழக்குகள் குவிந்து, 1982-இல் ஜான்ஸ்-மான்வில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. மௌனம் முதலாளியையும் காக்கவில்லை.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் கட்டலாம். நிர்வாகம், சங்கம், அரசு மூன்றும் ஒரே நிதியில் பணம் போடட்டும். வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கே என்று ஒப்பந்தத்தின் முதல் வரியில் எழுதட்டும். நிர்வாகத்துக்கு மறுப்பு இருந்தால் அதுவும் அதே அறிக்கையில் அச்சாகட்டும். ஓய்வு பெறும் நாளில் சால்வையோடும் பணிக்கொடைக் காசோலையோடும் தொழிலாளியின் எக்ஸ்ரே படங்களையும் கையில் கொடுத்தனுப்ப ஒரு காகித உறை போதும்.