படகு யாருக்கு?

வைக்கம் படகுத்துறையில் சீட்டு வாங்க நிற்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். இக்கரையில் வீடு, அக்கரையில் வேலை என்று வாழ்பவர்கள், கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நடுவே கேமராவும் தொப்பியுமாகச் சில வெளியூர் முகங்கள். எல்லோரும் ஏறுவது ஒரே படகில். வேம்பநாட்டுக் காயலைக் கடந்து ஆலப்புழை மாவட்டத்தின் தவணக்கடவில் இறங்கக் கால் மணி நேரம் போல ஆகும்.

தமிழர்களுக்கு வைக்கம் என்றால் 1924-ஆம் ஆண்டுப் போராட்டமும் பெரியாரின் சிறைவாசமும்தான். இந்த ஊர் இன்னொரு காரியத்திலும் முந்திக்கொண்டது பலருக்குத் தெரியாது. 2017 ஜனவரியில் நாட்டின் முதல் சூரிய சக்திப் பயணிகள் படகு இந்தத் துறையிலிருந்துதான் கிளம்பியது. பெயர் 'ஆதித்யா'. 75 இருக்கைகள். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள், கீழே பேட்டரி, இரண்டு மின் மோட்டார்கள். ஓட்டுவது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை. கட்டியது கொச்சியைச் சேர்ந்த நவ்ஆல்ட் நிறுவனம். முதல் மூன்று ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்தார்கள், ஒரு லட்சம் லிட்டர் டீசல் மிச்சமானது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. கணக்கில் கொஞ்சம் பெருமிதம் கலந்திருக்கலாம். ஆனால் படகு நாள்தோறும் ஓடியது, டீசல் புகை இல்லை, காது செவிடாகும் சத்தமும் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு விடை எளிது. தண்ணீரில் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். மெதுவாகப் போகும் படகுக்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். அக்கரைப் படகுக்கு அவசரம் கிடையாது. தூரம் தெரியும், நேரம் தெரியும், ஒரு நடைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதும் தெரியும். கரையில் நிற்கும் நேரத்தில் வெயில் பேட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும். பேருந்து போல நேரம் தவறாமல் ஒரே பாதையில் போய் வரும் படகுக்கு மின்சாரம் அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதே காயலின் தென்பகுதியில் கதை நேர்மாறு. நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களைப் படுக்கையறைகளாக மாற்றும் யோசனை 1990-களில் சூடுபிடித்தது. இன்று ஆலப்புழையையும் குமரகத்தையும் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகு வீடுகள். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வேம்பநாடு சேர்ந்தது 2002-ல். பட்டியல் ஒரு பக்கம் இருக்க, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமும் மிதக்கிறது. படகு வீடுகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பது சுலபம். படகு வீடு பகலில் சில மணி நேரம்தான் நகர்கிறது, மாலையில் எங்காவது கரையோரம் கட்டிப்போடப்படுகிறது. அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பம். இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் சூரியன் இல்லை. கூரையில் நாலு தகடுகளை வைத்து விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டிவிட்டு, 'பசுமைப் படகு' என்று பலகை மாட்டினால் ஜெனரேட்டர் நின்றுவிடாது. இரண்டு பேருக்காக ஒரு படகு மிதக்கும்வரை எதை எரித்தாலும் கணக்கு உதைக்கும்.

எனவே, பலர் பகிர்ந்துகொள்ளும் படகில் சுற்றுலாப் பயணியையும் ஏற்றிவிடுவதுதான் உருப்படியான வழி. கொச்சி இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2016-ல் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியுடன் கடன் ஒப்பந்தம். ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 25 அன்று, 'வாட்டர் மெட்ரோ' தொடங்கியது. திட்டச் செலவு ஏறக்குறைய ரூ.1,137 கோடி. 78 படகுகள், 38 துறைகள், பத்துத் தீவுகள் என்பது காகிதத்தில் உள்ள முழுத் திட்டம். நூறு பேர் ஏறும் குளிர்சாதனப் படகுகளைக் கட்டியது கொச்சிக் கப்பல் கட்டும் தளம். பேட்டரிகள் கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும் ரகம். அலை ஏறினாலும் இறங்கினாலும் படகின் மட்டத்திலேயே மிதக்கும் மேடைகள் இருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவரும் யார் தயவும் இல்லாமல் ஏறலாம். ஆறு மாதங்களில் பயணிகள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. படகு ஓடும் மின்சாரம் முழுக்கச் சுத்தமானது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கேரளம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரி மின்சாரமும் உண்டு. புகை காயலை விட்டு வேறு மாநிலத்துக்குப் போயிருக்கிறது என்பதும் ஓரளவு உண்மை.

படகு தொடங்கிய பன்னிரண்டாவது நாள், 2023 மே 7, ஞாயிறு மாலை. மலப்புரம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாவுக்கு மாற்றியிருந்தார்கள். ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கேரளத்துக்கு இது புதிதல்ல. 2002-ல் குமரகத்தில் 29 பேர், 2009-ல் தேக்கடியில் 45 பேர், 2015-ல் ஃபோர்ட் கொச்சியில் 11 பேர். தானூருக்குப் பிறகுதான், தலையை எண்ணி நூறோடு கதவை மூடும் கொச்சிப் படகின் அருமை பலருக்கும் புரிந்தது. டீசலா மின்சாரமா என்பதைவிட, வாயிலில் எண்ணிக்கை பார்க்கும் அந்தத் தடுப்புக் கம்பி முக்கியம். ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்கிற தனியார் சவாரிக்கும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடித்ததும் கிளம்புகிற படகுக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆனால் எண்ணி ஏற்றுவதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சித் துறை திறந்தது. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து கட்டணம் ரூ.40. சீன வலைகளையும் பழைய தேவாலயத்தையும் பார்க்க வந்தவர்களுக்கு இதைவிட மலிவான காயல் உலா ஏது? விடுமுறை நாட்களில் வரிசை வளைந்து நெளிந்து சாலைக்கு வந்தது. அந்த வரிசையிலேயே வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் தீவுக்காரரும் நிற்க வேண்டும். அன்றாடம் போகிறவர்களுக்கென்று தொடக்கத்திலேயே பாஸ் அறிவித்தார்கள். மாதம் ரூ.600-க்கு 50 பயணங்கள். ஒரு நடைக்கு ரூ.12 வீதம். நல்ல ஏற்பாடு. ஆனால் பாஸ் கட்டணத்தைக் குறைக்கும். முன்னால் நிற்கும் இருநூறு பேரைக் குறைக்காது. பாஸ் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நடையிலும் சில இடங்களை ஒதுக்கி வைப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இன்னொரு நெருடலும் உண்டு. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியும் வெலிங்டன் தீவும் திறக்கப்பட்டபோது, திட்டமிட்ட 38 துறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தயாராகியிருந்தது. சுற்றுலாக்காரர்கள் தேடி வரும் இடங்கள் அதில் சேர்ந்துவிட்டன. பாலத்துக்கும் பேருந்துக்கும் ஏங்கும் சின்னத் தீவுகள் பலவும் காத்திருப்போர் பட்டியலில். நிலம் எடுப்பதில் தாமதம், படகு வருவதில் தாமதம் என்று காரணங்கள் உண்டு. வருமானம் வரும் பாதைக்குப் படகை அனுப்பும் ஆசையும் நிர்வாகத்துக்கு இருக்கத்தான் செய்யும். கரையில் இறங்கியபின் என்ன என்பதையும் மறக்கலாகாது. காக்கநாடு துறையிலிருந்து இன்ஃபோபார்க்குக்கு மின்சாரச் சிற்றுந்துகள் 2025 தொடக்கத்தில்தான் வந்தன. அதுவரை தண்ணீரில் மிச்சப்படுத்திய புகையை ஆட்டோக்கள் கரையில் ஈடுகட்டின.

மும்பை உட்பட நாட்டின் பல நகரங்களில் இதேபோல் தொடங்க முடியுமா என்று கொச்சி மெட்ரோ நிறுவனத்தையே ஆராயச் சொன்னது மத்திய அரசு. படகின் வரைபடமும் பேட்டரியின் ரகமும் அந்த அறிக்கைகளில் நிச்சயம் இடம்பெறும். மாத பாஸ் எவ்வளவு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, உள்ளூர்க்காரருக்கு எத்தனை இடம் என்ற மூன்று வரிகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகுகளும் ஓடுகின்றன. கட்டணம் பத்து ரூபாயைத் தொடவில்லை. குளிர்சாதனம் கிடையாது. தன் டீசல் படகுகளைப் படிப்படியாகச் சூரிய சக்திக்கு மாற்றப் போவதாக அந்தத் துறை சொல்லியிருக்கிறது. மீன் கூடையோடும் பள்ளிப் பையோடும் ஏறுகிறவர்களின் இந்தப் பாதையிலிருந்து அதைத் தொடங்கலாம்.